கேட்டுச் சொல்

3.6.2004

அன்புள்ள சுருட்டைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் என்னவோ பேசினாள். இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசு என்று தாடையைப் பிடித்துத் திருப்பினேன். சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்தே வந்துவிட்டன.

எனக்கு ஜன்னலோர அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, எதிரே துணி காயும் மொட்டை மாடி. எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா எட்டிப் பார்த்து, “புருஷனுக்கு எழுதறப்ப ‘நீ’ன்னா எழுதுவாங்க?” என்று கேட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூடம், கையால் பேசும்போது நீயும் நீங்களும் ஒரே விரல்தான் என்றேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. அதனால் அவளுக்காக ஒரு வரி: நீங்கள் நலமா? சரி, போதும்.

இன்று காதுப் பரிசோதனை. தடித்த கதவு போட்ட குட்டி அறை. தலையில் எதையோ மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் பெண் எதையோ திருகிக்கொண்டே போனாள். கடைசியில் காதுக்குள் கொஞ்சம் குறுகுறுத்தது. அழுத்தினேன். “கேட்டதா, உணர்ந்தீர்களா?” என்று எழுதிக் காட்டினாள். பிறந்ததிலிருந்தே கேட்காதவளிடம் அந்த வித்தியாசத்தைக் கேட்டால் என்ன சொல்வது? தெரியாது என்று எழுதினேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

என்னை பஸ் ஏற்றிவிடும்போது நீ ஜன்னலைத் துடைத்துக்கொண்டே நின்றாய். நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். நம் குட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் மடங்கி, எழுந்திருக்க முடியாமல் கத்தியிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். உன் முதலாளி நடப்பதை நீ நடித்துக் காட்டினாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாடி வீட்டு டீச்சர் வந்து என் தோளை உலுக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. குட்டிக்குக் கால் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. கண்ணை மூடினால் நாம் சிரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

அதனால்தான் அக்கா வருஷக்கணக்காகச் சொல்லிவந்த, ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கிற காக்ளியர் கருவியைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். செலவை ஆஸ்பத்திரியின் அறக்கட்டளையே பார்த்துக்கொள்ளுமாம். வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவில்லை.

குட்டியின் தலையை இழுத்துப் பின்னாதே. அவள் சொல்ல மாட்டாள், ஆனால் வலிக்கும்.

உன்
கன்னக்குழி

*

8.6.2004

அன்புள்ள கன்னக்குழிக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மரியாதைக்கு மரியாதை. உன் அக்காவிடம் காட்டிவிடு.

நாங்கள் நலம். முதல் நாள் சோறு குழைந்தது, இரண்டாம் நாள் வேகவில்லை, மூன்றாம் நாள் குட்டியே சமையலறையிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டாள். இப்போது அவள் சமைக்கிறாள், நான் பாத்திரம் கழுவுகிறேன். பதினொரு வயதில் என்ன அதிகாரம்! அப்படியே உன் அச்சு.

பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஒரு வெள்ளைக் காரின் கதவை எவனோ ஆணியால் கீறிவிட்டான். வெள்ளை அடிப்பதுதான் பெயின்ட் வேலையிலேயே கொடுமை. ஒரு சொட்டு மஞ்சள் கூடினால் பழசாகத் தெரியும், குறைந்தால் பிணம் மாதிரி இருக்கும். மூன்று முறை தேய்த்து அடித்தும் வெயிலில் கதவு தனியாகத் தெரிந்தது. முதலாளி வாயை அசைத்து என்னவோ திட்டினார். நான் முகமூடியைக் கழற்றாமலே தலையாட்டினேன். நமக்கு அந்த ஒரு சௌகரியம் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை குட்டியிடம் ஒன்று கேட்டேன். நான் என்னென்ன சத்தம் போடுகிறேன் என்று.

கண்ணை உருட்டினாள். “எதுல ஆரம்பிக்கறது?” என்று கை காட்டினாள்.

சாப்பிடும்போது தொண்டைக்குள் உறுமுகிறேனாம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறேனாம். தும்மினால் டீச்சர் வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறதாம். கதவை நான் சாத்துவதே இல்லையாம், அடிக்கிறேனாம். நான் சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “துருப்பிடிச்ச கதவு கீச்சுனு தொறக்கற மாதிரி.” கீச்சு என்றால் என்ன என்று கேட்டேன். பல்லைக் கடித்து, தோளைக் குறுக்கிக் காட்டினாள். நல்ல விஷயத்துக்கு யாரும் அப்படித் தோளைக் குறுக்குவதில்லை.

நாற்பது வருஷமாக இவ்வளவு சத்தத்தைச் சுமந்து திரிந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மற்றபடி உன் காது, உன் இஷ்டம். எனக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை.

உன்
சுருட்டை
(முடி கொட்டிய பிறகும் இந்தப் பெயரை விடாமல் வைத்திருப்பதற்கு நன்றி)

*

15.6.2004

அன்புள்ள சுருட்டைக்கு,

உனக்கு ஒரு கருத்தும் இல்லையா! துண்டை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்பதற்கே மூன்று நாள் என்னோடு சண்டை போட்டவன் நீ.

டாக்டர் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசினார். நல்ல மனிதர். உதட்டை மூடாமல், அவசரப்படாமல் பேசினார், முக்கியமானதை எழுதியும் காட்டினார். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பில் சின்னப் பள்ளம் எடுத்து, கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை உள்காதுக்குள் விடுவார்கள். வெளியே ஒரு வட்டத் துண்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் அதை இயக்குவார்கள். கொஞ்ச நாள் தலை சுற்றலாம், நாக்கில் ருசி மாறலாம். இப்போது அந்தக் காதில் இருக்கிற குறுகுறுப்பும் போய்விடலாம்.

“அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு கேக்குமா?” என்று எழுதினேன்.

பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தே சொன்னார். “சத்தம் வரும்மா. பேச்சு புரியும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. சின்ன வயசுல கேட்டுப் பழகின மூளைக்குத்தான் சத்தத்தைச் சொல்லாப் பிரிக்கத் தெரியும். உங்க வயசுல, பிறவியிலேருந்தே கேக்காதவங்களுக்கு, பெரும்பாலும் அது வர்றதில்ல. சிலருக்குக் கொஞ்சம் வருது. நிறையப் பயிற்சி பண்ணணும்.”

அவர் என்னை ஏமாற்றவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஏற்கெனவே கருவி வைத்துக்கொண்ட இரண்டு பேரைச் சந்திக்கச் சொன்னார். இருவரும் நம்மைப் போலப் பிறவியிலேயே கேட்காதவர்கள். ஒருவர் தையல்காரர். அவருக்கு மழைச் சத்தம் பிடிக்குமாம், சந்தைக்குப் போனால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாராம். பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டேன். “பிசைஞ்ச மாவு மாதிரி. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. ஆனா யாரோ பேசறாங்கன்னு தெரியறதே எனக்குப் பெரிசு” என்று கையால் சொன்னார். மற்றவர் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா. கருவி அலமாரியில் இருக்கிறதாம். “வச்சதுக்கு வருத்தமில்ல. மாட்டிக்கிறதுக்குத்தான் பொறுமையில்ல. தலை வலிக்குது” என்றார். இரண்டு பேருமே சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இப்போது நான் யாரைக் கேட்டு முடிவு செய்வது?

ஆபரேஷனுக்கு முன்னால் சக்தி அதிகமுள்ள காது மெஷின் ஒன்றைச் சில வாரம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். கொடுத்திருக்கிறார்கள். போட்டால் மண்டைக்குள் வண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். கோபப்படாமல் படி. கருவி வைத்தால் தினமும் பேசிப் பேசிப் பழக்க ஆள் வேண்டும். நம் வீட்டில் பேசுகிறவள் குட்டி ஒருத்திதான். அதனால் நான் ஒரு வருஷம் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறாள் அக்கா. குட்டியையும் கூட்டி வந்துவிடலாமாம். பக்கத்துப் பள்ளியில் விசாரித்தும் வைத்திருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்
கன்னக்குழி

*

20.6.2004

கன்னக்குழிக்கு,

பள்ளியில் விசாரித்தும் வைத்தாயிற்றா? நல்லது. வீட்டைக் காலி செய்ய ஆள் அனுப்பும்போது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

உன் அக்கா மாடி வீட்டுக்குப் போன் போட்டுக் குட்டியிடம் பேசியிருக்கிறாள். பேசிவிட்டுக் கீழே வந்த குட்டி, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். பிறகு கையைப் பிரித்துக் கேட்டாள்: “அம்மா திரும்பி வந்தப்புறம் நாம கையால பேசக் கூடாதாப்பா? கையால பேசினா அம்மாவுக்குக் காது பழகாதாம். பெரியம்மா சொன்னாங்க.”

நான் பெயின்ட் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில் நம்மைக் கையின் மேல் உட்காரவைத்தார்களே, மறந்துவிட்டாயா? கையால் பேசினால் வாய் வராது என்று சொல்லி, உள்ளங்கையை பெஞ்சில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னார்கள். மணி அடித்து எழுந்தால் விரல்களில் பலகையின் கோடு விழுந்திருக்கும். என் காதில் பெரிய மெஷினை மாட்டி, ‘ப’ சொல், ‘ம’ சொல் என்று முகத்தில் எச்சில் தெறிக்கக் கத்தினார்கள். பன்னிரண்டு வயதில் நான் அதைக் கழற்றிக் கிணற்றில் போட்டபோது கைதட்டியவள் நீ.

நீ ஆபரேஷன் செய்துகொள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் என் வீட்டில், என் மகளோடு, என் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லாதே.

சுருட்டை

*

26.6.2004

அன்புள்ள சுருட்டைக்கு,

‘உன்’ என்று போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பார்த்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். கைப்பேச்சை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். “எதுக்கு நிறுத்தணும்? அதுதானே உங்க மொழி! கேட்டுப் பழக ஒரு நேரம் வச்சுக்கங்க, மத்த நேரம் தாராளமா கையால பேசுங்க” என்றார். அதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் உன் நல்லதுக்குத்தானடி சொன்னேன்” என்றாள். என் மகளிடம் எதற்குச் சொன்னாய் என்று கேட்டேன். கையை வேகவேகமாக ஆட்டினேன். அவளுக்குப் பாதி புரியவில்லை, என் கோபம் மட்டும் புரிந்தது. அவளும் கத்தினாள். கத்துவதைக் கழுத்து நரம்பில்தானே நாம் பார்ப்போம். நரம்பு புடைத்தது. பிறகு சட்டென்று துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“நீ நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து உன் பின்னாடியே ஓடியிருக்கேன். ரோட்டுல வண்டி வரும், கூப்பிடுவேன், திரும்ப மாட்ட. ஓடி வந்து இழுப்பேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்தே போச்சு. ஒரே ஒரு தடவை, நான் கூப்பிட்டு நீ திரும்பணும். எனக்கு அவ்வளவுதான்டி.”

இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை.

நான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஆனால் படுத்தபடியே யோசித்தேன். அக்காவுக்கு நான் திரும்ப வேண்டும். உனக்கு நான் மாறாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு என் கை வேண்டும். இதில் எனக்கு என்ன வேண்டும்? எனக்கு இந்தக் கருவிமேல் ஆசையா என்று என்னையே கேட்டால், குளியலறைக் கதவு மட்டும்தான் கண்ணுக்குள் வருகிறது.

குட்டியிடம் சொல். அம்மா கையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஆபரேஷனுக்கு அடுத்த மாதக் கடைசியில் இடம் இருக்கிறதாம். இரண்டு வாரத்தில் பதில் கேட்கிறார்கள்.

உன் (நான் போடுகிறேன்)
கன்னக்குழி

*

4.7.2004

அன்புள்ள கன்னக்குழிக்கு,

உன் கடிதத்தைக் குட்டியிடம் கொடுத்துவிட்டு, நான் பட்டறைக்குப் போய் எலெக்ட்ரீஷியனைப் பிடித்தேன். நம் கார்களுக்கு வயரிங் பார்ப்பானே, தடியன், அவனைத்தான். குளியலறைக் கதையைச் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் தாடியைச் சொறிந்தான். “இதுக்கு எதுக்குய்யா தலையில ஓட்டை?” என்று சைகை காட்டினான். மறுநாள் சாயங்காலமே பழைய காரிலிருந்து கழற்றிய சாமான்களோடு வந்து இறங்கிவிட்டான்.

இப்போது நம் வீட்டைப் பார்த்தால் சிரிப்பாய். குளியலறையில் தரைக்கு அருகில் ஒரு கயிறு தொங்குகிறது. விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டும். இழுத்தால் ஹாலிலும் சமையலறையிலும் காரின் இண்டிகேட்டர் விளக்கு பளிச் பளிச் என்று அடிக்கும். குட்டியின் கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதை அழுத்தினால் நம் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற வைப்பர் மோட்டார் ஓடும். முதல் தடவை அழுத்தினபோது கட்டில் குதித்த குதியில் நான் கீழே விழுந்தேன். தடியன் வேகத்தைக் குறைத்தான். இப்போது தாலாட்டுகிற மாதிரி எழுப்புகிறது. குட்டி சும்மாவே அழுத்தி அழுத்தி என்னை வரவழைக்கிறாள். தண்ணீர் வேண்டுமாம், போர்வை வேண்டுமாம், ஒன்றும் வேண்டாமாம்.

அதனால் அந்தக் கதவைக் கண்ணிலிருந்து எடுத்துவிடு.

இனி நிஜத்தைச் சொல்கிறேன். கருத்து இல்லை என்று எழுதியது பொய். எனக்குப் பயம். நீ கேட்க ஆரம்பித்தால், முதலில் கேட்கப்போவது என்னைத்தான். உறுமுகிறவன், கதவை அடிக்கிறவன், சிரித்தால் தோளைக் குறுக்கவைக்கிறவன். உனக்கு என்னைப் பிடித்ததெல்லாம் கண்ணால் பிடித்தது. காதுக்குப் பிடிக்காமல் போய்விட்டால் நான் எங்கே போய் முறையிடுவேன்? உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கோபமாக எழுதினேன். கோபம் எழுதச் சுலபம்.

ஆனாலும் ஒன்று. பயத்துக்காகக் கருவி வைத்துக்கொள்ளாதே. என் பயத்துக்காக வைக்காமலும் இருக்காதே. ஆசை இருந்தால் வைத்துக்கொள். என் உறுமலை நான் குறைத்துக்கொள்கிறேன்.

நீ கட்டுப்பல் செய்யும் லேபின் முதலாளியம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். பீங்கான் பல் செய்யும் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்களாம், தினமும் மாலையில், ஒரு வருஷம். உன்னைத்தான் நினைத்திருக்கிறார்கள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன், உன், உன்
சுருட்டை

*

10.7.2004

அன்புள்ள சுருட்டைக்கு,

உன் கடிதத்தை மொட்டை மாடியில் நின்று படித்தேன். வைப்பர் மோட்டார் வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். என் சிரிப்பும் கீச்சுதான் போலிருக்கிறது. ஒரே கதவின் இரண்டு பக்கம் நாம்.

கேள். உன் முகத்தில் எனக்குப் பிடித்தது பிடித்ததுதான். அதை ரத்து செய்ய ஒரு தும்மல் போதுமென்றால், இத்தனை வருஷம் நான் உன்னோடு குடும்பம் நடத்தியதற்கு அர்த்தமே இல்லை. இவ்வளவு பெரிய ஆண்பிள்ளை இதற்கா பயந்தாய்!

இன்று டாக்டரிடம் என் முடிவைச் சொன்னேன். வேண்டாம் என்று.

எப்படி முடிவு செய்தேன் தெரியுமா? பயம் போன பிறகு கருவிமேல் எனக்கு ஆசை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் சத்தத்தைக் கற்றுக்கொள்ளத் தினமும் உட்கார்ந்து உழைக்க வேண்டும். கதவா இருமலா, நாற்காலியா நாயா என்று ஒரு வருஷம் போராட வேண்டும். அதே ஒரு வருஷத்தைப் பீங்கானுக்கும் கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றை நினைத்தால் களைப்பாக இருந்தது. மற்றதை நினைத்தால் விரல் துறுதுறுத்தது.

உனக்குத்தான் இது புரியும். பல் வெள்ளை இல்லை. ஈறுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஓடும், நடுவில் பால், நுனியில் கிட்டத்தட்ட கண்ணாடி, அதற்குள் துளி நீலம். அதை மாவாகக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். ஒரு மனிதர் சிரிக்கும்போது எது அவர் பல், எது நான் செய்த பல் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியக் கூடாது. எனக்கு அது வேண்டும். அவ்வளவு உழைப்பும் அதற்கே வேண்டும்.

டாக்டர் வருத்தப்படவில்லை. “எப்ப மனசு மாறினாலும் வாங்க” என்றார். எனக்குக் கொடுத்த காது மெஷினைக் கெடு முடிவதற்குள் தபாலில் அனுப்பினால் போதுமாம்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். நெடுநேரம் தன் உடையை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள், மடிப்பே இல்லாத இடத்திலும். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினாள். “உன் புருஷன் கட்டிலுக்கு அடியில மோட்டார் வச்சிருக்காரு, நான் என்னடி போட்டி போடறது?” என்றாள்.

வியாழக்கிழமை வருகிறேன். சோறு குட்டியே வைக்கட்டும்.

உன்
கன்னக்குழி

*

22.9.2004

அன்புள்ள கன்னக்குழிக்கு,

நீ உட்கார்ந்து எழுதிய அதே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் தலையெழுத்தைப் பார்!

நானே இன்னும் நம்பவில்லை. தபாலில் அனுப்ப வேண்டிய உன் காது மெஷினை எடுத்து விளையாட்டாகத்தானே மாட்டினேன்? பட்டறையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது, நான் திரும்பிவிட்டேன். பார்க்காமலே. தடியன் வாயைப் பிளந்தான். அணைத்தான், போட்டான். அணைத்தான், போட்டான். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் எச்சில் தெறிக்கக் கத்தினார்களே, அப்போதும் எனக்குள் ஏதோ வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர்கள்மேல் இருந்த ஆத்திரத்தில் அதையும் சேர்த்துக் கிணற்றில் போட்டுவிட்டேன் போல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லத் தயங்கினேன். நீதான் என் காதில் அது இருப்பதைப் பார்த்துவிட்டு, “கழட்டாத, இருக்கட்டும்” என்றாய். போய்ப் பார்த்துவிட்டு வா என்று பஸ் ஏற்றிவிட்டதும் நீதான். இம்முறை ஜன்னலைத் துடைத்தது நீ.

பரிசோதனை முடிந்தது. ஸ்கேனில் கோளாறில்லை. உனக்குச் சொன்னதையேதான் டாக்டர் எனக்கும் சொன்னார். பேச்சு புரியும் என்று வாக்கில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுவரை மெஷின் போட்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். வராமலும் போகலாம். “எதுக்காக உங்களுக்கு இது?” என்று கேட்டார். கம்ப்ரஸருக்காக என்றேன். சிரித்தார். நான் நிஜமாகத்தான் சொன்னேன். எனக்குப் பேச்சு வேண்டாம். பேசுகிறவர்களோடு கலக்கவும் வேண்டாம். அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதுச் சாயம் ஒன்று கடைக்கு வந்தால் டப்பாவைத் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. உனக்குத் தெரியும்.

உன் அக்கா என்னைக் கவனிக்கிற கவனிப்பு தாங்கவில்லை. நேற்று நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தபோது பின்னாலிருந்து “மாப்பிள்ளை!” என்று கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பினேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனைக்குத்தான் திரும்பினேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கருகியதைச் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் இடம் கொடுக்கிறார்கள். உன்னிடம் அப்படியெல்லாம் வசனம் பேசியவன் இப்போது எந்த முகத்தோடு கேட்பது? கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? மனசில் இருப்பதை எழுது. கருத்து இல்லை என்று மட்டும் எழுதாதே.

உன்
சுருட்டை

*

28.9.2004

அன்புள்ள சுருட்டைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனசில் இருப்பதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆறு வயதிலிருந்து நாம் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். நீ எனக்குத் தெரியாத ஒரு ஊருக்கு வீடு பார்க்கிற மாதிரி இருந்தது. ஜூனில் நீ ‘எனக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை’ என்று எழுதியதை வெளியே எடுத்து மறுபடி படித்தேன். அன்று உன்மேல் வந்த கோபமெல்லாம் இப்போதுதான் போனது.

பயிற்சி வகுப்பில் என் முதல் பீங்கான் பல் சூளையில் வெடித்துவிட்டது. ஈரம் உள்ளே தங்கிவிட்டதாம். அடுத்ததை நிதானமாக உலரவைத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் பார்க்க ஆட்டுப்பல் மாதிரி இருக்கிறது. வாத்தியார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்கு நல்லா பொருந்தும்” என்று எழுதிக் காட்டினார். ஆனாலும் மாலையானால் கால் தானாக அங்கேதான் போகிறது. அப்படிப் போகும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் போகிற இடத்துக்கு நீ வருவதில்லை. அதற்காக நான் உன்னை விட்டுப் போனதாக ஆகிவிடுமா? உனக்கும் கால் ஒரு பக்கம் போகிறது. போகட்டும்.

எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். லேபில் லீவு சொல்லிவிட்டேன். நானும் குட்டியும் முந்தின நாளே வந்துவிடுகிறோம். அக்கா வீட்டில் ஒரு வருஷம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம், புண் ஆறினதும் வீட்டுக்கு வா. உனக்குப் பயிற்சி கொடுக்கக் குட்டி இப்போதே தயாராகிவிட்டாள். மாடி வீட்டு டீச்சரிடம் கண்ணாடியும் பிரம்பும் இரவல் கேட்டிருக்கிறாள். பாவம் நீ.

கருவி பிடிக்காவிட்டால் அலமாரியில் வை. நான் ஒரு நாளும் சொல்லிக்காட்ட மாட்டேன். பிடித்துப்போய் நாள் முழுக்க மாட்டிக்கொண்டே திரிந்தாலும் சரி. எனக்கு ஒன்றே ஒன்று செய். அங்கே என்னவெல்லாம் இருக்கிறது என்று வந்து வந்து என்னிடம் சொல்ல வேண்டும். மாவு மாதிரி இருந்தால் மாவு என்று சொல். ஒன்றும் புரியாவிட்டால் புரியாததைச் சொல். எல்லாம் கையால்.

எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குழந்தை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் தூக்கி வந்தார்கள். பார்க்கப் போனேன். உள்ளங்கை அளவு முகம், அதில் பாதி வாய். வாயைத் திறந்தால் உடம்பே சிவக்கிறது, கால் இரண்டும் உதைக்கிறது. அதன் அம்மா பதறுகிறாள். குட்டி காதைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு அந்த வாய் மட்டும்தான் தெரிந்தது, கிள்ள வேண்டும்போல அழகாக. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி என்னதான் வருகிறது?

நீ வந்து கேட்டுச் சொல். அவசரமில்லை, அது அழுது முடிக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

உன்
கன்னக்குழி